தொலைந்துபோகும் முதல் வாக்கியம்

வலங்கைமான் கடைத்தெரு டீக்கடையில் போரா சொன்னது இவ்வளவுதான்: “அண்ணே, ஒரு டீ. சர்க்கரை கம்மியா.”

இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. ஆனால் டீ மாஸ்டர் பாய்லரை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை வாய்ப்பக்கம் கொண்டுபோய் ஆட்டினார்.

“டீ? காபி? கூல்ட்ரிங்க்ஸ்?”

“டீதாண்ணே. சர்க்கரை கம்மியா.”

“அட, தமிழ் பேசுதுய்யா!” என்று கடைக்கே அறிவித்தார் மாஸ்டர். பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை மடித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் மாஸ்டர் ஒரு கரண்டி சர்க்கரை கூடவே போட்டுவிட்டார்.

தித்திக்கிற டீயைக் குடித்துக்கொண்டே போரா யோசித்தாள். இந்தப் பழுது எங்கே இருக்கிறது? எதைப் பார்த்தாலும் எங்கே பழுது என்று யோசிப்பது அவளுடைய படிப்பும் பிழைப்பும். வேளாண் பொறியியல் படித்துவிட்டு, வலங்கைமான் பக்கத்து விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்துகிற குழுவில் நடவு மெஷினுக்குப் பொறுப்பாக இருக்கிறாள். மெஷின் நின்றுபோனால் ஒரு பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பாள். பழுது போய்விட்டால் அது அங்கேதான் இருந்தது என்று அர்த்தம். தன் தமிழுக்கும் அதே சோதனையைச் செய்து பார்த்திருக்கிறாள். போனில் பேசினால் யாருக்கும் ஒரு சந்தேகமும் வருவதில்லை. பெட்ரோல் பங்கில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் “முன்னூறுக்குப் போடுங்க” என்றால் முன்னூறுக்குப் போடுகிறார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அதையே சொன்னால் “வாட் மேடம்?” என்கிறார்கள். ஆகவே பழுது நாக்கில் இல்லை, முகத்தில் இருக்கிறது. முகத்தைப் பார்க்கிற கண் காதை அடைத்துவிடுகிறது. இதுவரை கண்டுபிடித்தாயிற்று. ஆனால் வாழ்நாள் முழுக்க ஹெல்மெட்டோடு அலைய முடியாதே. இதைச் சரிசெய்வது எப்படி என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அவள் பிறந்து வளர்ந்தது ஸ்ரீபெரும்புதூரில். அம்மா மதிவதனி நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்துப் பெண். பல தலைமுறையாக அடுத்தவர் வயலில் நடவு நட்ட குடும்பத்திலிருந்து முதன்முதலாக நர்சிங் படிக்கப் போனவள். அப்பா சியோலிலிருந்து கார் தொழிற்சாலைக்கு வந்த இன்ஜினியர், வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற பிரிவு. கையில் தையல் போட ஆஸ்பத்திரிக்கு வந்தவர், தையல் பிரித்த பிறகும் வந்துகொண்டே இருந்தார். பொண்ணு பிறந்ததும் போரா என்று பேர் வைத்தார்கள். கொரிய மொழியில் ஊதா நிறம் என்று அர்த்தம். அப்பாவை விட்டுவிடலாம், தமிழ்நாட்டில் அந்தப் பேருக்கு என்ன கதி வரும் என்று அம்மாவாவது யோசித்திருக்கலாம்.

“பேரு என்னம்மா?”

“போரா.”

“எங்க?”

பள்ளிக்கூடத்திலிருந்து ரேஷன் கடைவரை எல்லா இடத்திலும் நடக்கிற உரையாடல் இது. இதையாவது சிரித்துக்கொண்டு தாண்டிவிடலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர், “மணிப்பூரா, நேபாளமா?” என்பார். தஞ்சாவூர் லாட்ஜில் ஆதார் அட்டையைக் கொடுத்தால் பாஸ்போர்ட் கேட்பார்கள். கொரோனா வந்த வருஷம் நிறைந்த பஸ்ஸில்கூட அவள் பக்கத்து சீட் மட்டும் காலியாகவே வந்தது. கொரியா என்று தெரிந்துவிட்டால் நாய்க்கறி பற்றி ஒரு கேள்வி, சீரியல் கதாநாயகர்கள் மூஞ்சிக்கு என்ன தடவுகிறார்கள் என்று ஒரு கேள்வி. பிறகு தமிழும் கொரிய மொழியும் அக்கா தங்கை என்று ஒரு பாடம். “அம்மாவுக்கு அம்மா, அப்பாவுக்கு அப்பா, புல்லுக்குப் புல்லு!” என்று சொல்கிறவர் கண் பளபளக்கும். அவள் தமிழிலேயே “ஆமாங்க” என்பாள். அந்த ஆமாங்க மட்டும் யார் காதிலும் தமிழாக விழாது.

டீக்கு நன்றி சொல்லிவிட்டு வயலுக்குக் கிளம்பினாள். அன்றைக்கு ஐயாவு வயலில் முதல் மெஷின் நடவு.

ஐயாவு ஐம்பது வயதுக்காரர். அப்பா காலத்தில் கூலிக்கு உழுத அதே மண்ணைத் துண்டு துண்டாக வாங்கிச் சொந்தமாக்கியவர். குறுவைக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் யாரும் நம்பாத மெஷினை நம்பி, தட்டுகளில் நாற்று விட்டிருந்தார். இந்த நாற்றைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆழமில்லாத தட்டில் மெல்லிசாக மண் பரப்பி நெருக்கமாக விதைத்துவிடுவார்கள். வேர்கள் கீழே போக வழியில்லாமல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சுருட்டி எடுக்கிற பாய் மாதிரி ஆகிவிடும். அதனால்தான் பாய் நாற்று என்று பேர். மெஷினுக்கு இதைவிடப் பொருத்தமான நாற்று கிடையாது. ஆனால் கையால் நட இது உதவாது. உயரம் போதாது, விரலுக்குள் நிற்காது. மெஷின் நட்டால் உண்டு. இல்லாவிட்டால் ஐயாவுக்கு இந்தக் குறுவை இல்லை.

வரப்பில் அக்கம்பக்கத்துக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஐயாவுவின் மனைவி ரெங்கம்மாள் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். கொரியாவிலிருந்து வந்த பழைய மெஷின் அது. பொட்டுக்குப் பக்கத்தில் கொரிய எழுத்தில் பித்தான்களின் பேர்கள். மெஷின் ஓட்டுகிற ராம்கி வயலில் இறக்கினான்.

முதல் சால் ஓடியது. ராம்கி திரும்பிப் பார்த்தான்.

“மேடம், நாத்து நீச்சல் அடிக்குது.”

உண்மைதான். நட்ட நாற்றுக் குத்துகளில் பாதி சாய்ந்து கிடந்தன. மீதி பச்சைப் பச்சையாகத் தண்ணீரில் மிதந்து வரப்போரம் ஒதுங்கின.

“என்னப்பா ஐயாவு, நட்டியா, மெதக்க விட்டியா?” என்று வரப்பிலிருந்து ஒரு குரல்.

“மீனுக்குத் தீவனம் போடுறாருப்பா!” என்று இன்னொரு குரல்.

ரெங்கம்மாள் குனிந்து ஒரு நாற்றை எடுத்தாள். விரலுக்குள் வைத்துப் பார்த்தாள். “இதக் கையாலயும் நட முடியாதே” என்றாள் யாரையும் பார்க்காமல்.

போரா பேன்ட்டை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். இந்த மெஷினின் முதுகில் ஒரு சரிவான பலகை இருக்கும். அதன்மேல் நாற்றுப் பாயைப் படுக்க வைப்பார்கள். கீழே இரும்பு நகங்கள். ஒவ்வொரு தடவையும் நகம் மேலே வந்து பாயின் ஓரத்திலிருந்து ஒரு கிள்ளு எடுக்கும், மூன்று நாலு நாற்றும் கொஞ்சம் மண்ணும். அதைச் சேற்றுக்குள் கொண்டுபோய்க் குத்தும். குத்தினதும் நகத்துக்குள்ளிருந்து ஒரு சின்னக் கம்பி நீண்டு நாற்றைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விடும். அதற்குள் பலகை ஒரு விரல்கடை பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த கிள்ளை நீட்டிக்கொண்டு நிற்கும். எத்தனையோ தடவை பார்த்திருந்தாலும் போராவுக்கு இது அலுத்ததில்லை. யாரோ ஒருவர் நடவுக்காரப் பெண்ணின் மூன்று விரல்களை நெடுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எடுப்பதை இரும்புக்குச் சொல்லிக்கொடுத்தது பெரிதில்லை, விடுவதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே என்று தோன்றும்.

நகம் சரியாக இருந்தது. கம்பி நீண்டது. பாயின் ஈரம் பக்குவம்.

“உங்க பாஷைலதான எழுதியிருக்கு, படிச்சுப் பாத்துச் சொல்லுங்க மேடம்” என்று வரப்பிலிருந்து யோசனை வந்தது.

“ஆழம்னு எழுதியிருக்குங்க. ஆழம் சரியாத்தான் வெச்சிருக்கு.”

“வீட்டுல அப்பாவுக்கு ஒரு போன் போட்டா? மெஷின் வெளஞ்ச ஊருக்காரராச்சே.”

போராவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அப்பா சியோல் நகரத்து அடுக்குமாடியில் பிறந்தவர். தட்டில் சோறாக வந்து விழும் முன்னால் நெல் என்னவாக இருந்தது என்று அம்மாவைக் கட்டிய பிறகுதான் பார்த்தார்.

அவள் வரப்பிலிருந்து ஒரு குச்சியை உடைத்துச் சேற்றில் ஒரு கோடு இழுத்தாள். குச்சி முன்னே போகப் போகப் பின்னாலேயே கோடு மூடிக்கொண்டு வந்தது. கஞ்சியில் கரண்டி இழுத்த மாதிரி.

“சேறு எப்பங்க அடிச்சீங்க?”

“காலையிலதாம்மா” என்றார் ஐயாவு. “டிராக்டர் இப்பத்தான் போவுது. சூட்டோட சூடா நட்டாத்தான நல்லது?”

தண்ணீர் கட்டி உழுது குழைத்த கையோடு நடுவதுதான் கை நடவுக்கு முறை. சேறு இளக்கமாக இருந்தால் விரல் நோகாது. எவ்வளவு ஆழம் அழுத்த வேண்டும் என்று விரலுக்கே தெரியும். நகத்துக்கு அது தெரியாது. அது நாற்றை விட்டுவிட்டு வரும்போது சேறு அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கஞ்சி எதையும் பிடிக்காது.

“போன வாரம் சொன்னேனேங்க. சேறடிச்சு ஒரு நாள் அடங்க விட்டுட்டுத்தான் நடணும்னு.”

“நீங்க எப்பம்மா சொன்னீங்க?”

“இதே எடத்துலதான். வண்டியை விட்டு எறங்கினதும் மொதல்ல அதைத்தான் சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க.”

ஐயாவு யோசித்தார். அவர் முகம் சுருங்கியது. “வந்ததும் ஏதோ சொன்னீங்க. அது... உங்க ஊரு வணக்கம்போலன்னு நெனச்சேம்மா. மரியாதைக்குத் தலையாட்டினேன்.”

வரப்பே சிரித்தது. போரா சிரிக்கவில்லை. வணக்கம் என்று நினைத்துத் தலையாட்டியிருக்கிறார்! அவள் அந்தத் தலையாட்டலை நம்பி அடுத்த ஊருக்குப் போய்விட்டாள். டீயில் சர்க்கரை கூடுவது வேறு, ஒரு குடும்பத்தின் குறுவை தண்ணீரில் மிதப்பது வேறு.

“அப்புறம் பாயை அளவா வெட்டணும்னு சொன்னேனே?”

“அது நல்லாக் கேட்டுச்சே! ஸ்கேல் வெச்சில்ல வெட்டியிருக்கேன்.”

வெட்டியிருந்தார். ஒரு பாய்கூடப் பிசிறில்லை.

ராம்கி மெஷின் மேலிருந்தபடியே தலையைச் சொறிந்தான். “எனக்கும் அப்படித்தான் மேடம். மொத நாள் ஆபீஸ்ல நீங்க சொன்ன மொத விஷயம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மூஞ்சியவே பாத்துட்டு இருந்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“அன்னிக்கு மெஷின் சாவி எங்க இருக்குன்னு சொன்னேன் ராம்கி.”

“அதான் அன்னிக்குப் பூரா தேடினேன்.”

மெஷினை மேலே ஏற்றச் சொன்னாள். மிச்ச நாற்றுப் பாய்களை நிழலில் வைத்து ஈரச் சாக்குப் போட்டு மூடினார்கள். நாளைக் காலைவரை சேறு அசையாமல் அடங்கினால் நட்டுவிடலாம். நாற்று அதற்கு மேல் தாங்காது, முற்றிப்போனால் நகத்துக்கு அடங்காது.

“அடங்க விட்டாத்தானே” என்றாள் ரெங்கம்மாள். “சாயங்காலம் மேல பக்கீர் பாய் வயல்ல சேறடிக்கிறாங்க.”

மேல் வயலும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வயலும் கூத்தாநல்லூர் பக்கீர் முகம்மதுவுடையவை. இந்த வரிசையில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயல் தண்ணீர் வரப்பை வெட்டிய மடை வழியாகக் கீழ் வயலுக்கு வரும், அதிலிருந்து அடுத்ததற்கு. மேலே சேறடித்தால் கலங்கல் முழுக்க ஐயாவு வயலுக்குள் இறங்கிவிடும். மடையை அடைத்தால் மேல் வயல் நிரம்பி வரப்பு உடையும்.

“நான் கேட்டா ‘நாளைக்கு’ன்னு ஆரம்பிக்கிறதுக்குள்ள பேச்ச மாத்திடுவாரு” என்றார் ஐயாவு. “அவசரக்காரரு. மெஷினப் பத்தி நீங்களே எடுத்துச் சொன்னா கேப்பாரும்மா.”

அதாவது, இதுவரை அவளைப் பார்த்தேயிராத ஒருவரிடம், அவசரக்காரரிடம், போய் முக்கியமான ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

காத்திருக்கிற நேரத்தில் போரா தன் தண்ணீர் பாட்டிலில் வயல் சேற்றை அள்ளிப் போட்டாள். தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வரப்பில் வைத்தாள். சேறு எப்படி அடங்குகிறது என்று பார்க்கத்தான். வைத்த உடனேயே மணல் அடியில் உட்கார்ந்துவிட்டது. அதன் மேல் வண்டல் மெதுவாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கியது. களிமண் மட்டும் இறங்கவில்லை. அது அவ்வளவு பொடி. மேலே பழுப்பு மேகமாகத் தொங்கிக்கொண்டே இருந்தது. வெயில் சாயச் சாய அந்த மேகத்துக்கு மேல் ஒரு மெல்லிய தெளிந்த கோடு தோன்றியது. குடகு மலையில் கரைந்த மண். அத்தனை அணையையும் மதகையும் தாண்டி, எங்கேயும் உட்காராமல் மிதந்துகொண்டே வந்த அந்தப் பொடி, இந்த வயல் தன்னை அசைக்காமல் விட்டதும் தானாக உட்கார்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்துதான் இந்த ஜில்லா முழுக்க உண்டாகியிருக்கிறது. போராவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் செருப்புக்கடியில் இருப்பதெல்லாம் அடங்கின கலங்கல்.

யாரும் அதை அழுத்தி உட்கார வைக்கவில்லை. இன்னொரு தடவை குலுக்கினால் மறுபடி முதலிலிருந்து.

அவள் பாட்டிலைப் பார்த்தபடியே இருந்தாள். காலையில் டீக்கடை. முதல் வாக்கியம் தொலைந்தது, இரண்டாவது கேட்டது. ஐயாவு: சேறு தொலைந்தது, பாய் வெட்டுவது கேட்டது. ராம்கி: சாவி தொலைந்தது, அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் பசுமரத்தாணி. எல்லாம் ஒரே மாதிரி. அவள் இத்தனை வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தாள்? கேட்கவில்லை என்றதும் சத்தமாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னாள். இன்னும் நல்ல தமிழில் சொன்னாள். பாட்டிலைப் போட்டுக் குலுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

கோபமும் வந்தது. இது என்ன நியாயம்? பார்க்கிறவர் கலங்கினால் நான் ஏன் காத்திருக்க வேண்டும்? நானும் இந்த மண்தானே? அந்தக் கேள்விக்குப் பாட்டிலில் பதில் இல்லை. நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், நாற்று நாளைக்கு மேல் தாங்காது.

மோட்டார் பைக் சத்தம் கேட்டது. பக்கீர் முகம்மது டிராக்டருக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வெள்ளை லுங்கி, வெள்ளைத் தாடி, இறங்கும்போதே பைக் ஸ்டாண்டைக் காலால் தட்டுகிற வேகம். போரா எழுந்தாள். ‘சேறடிக்காதீங்க’ என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

“இன்னிக்கு வெயிலு கொஞ்சம் ஜாஸ்திதான் இல்லீங்களா மாமா?”

சொல்லிவிட்டுச் சும்மா நின்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எதிர்பார்த்தபடியே வெயில் எங்கேயோ விழுந்து தொலைந்தது. தொலையட்டும், அது வெறும் வெயில்தானே.

“யூ... மணிப்பூர்?”

“அப்பா கொரியாங்க.”

“கொரியாவா!” அவர் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் தட்டினார். “பல்லி பல்லி!”

ஐயாவு திடுக்கிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார். “எங்க பாய்?”

“நீயும் அண்ணாந்து பாக்குறியா? துபாய்ல நாங்களும் அப்படித்தான் பாத்தோம்! எங்க சைட்டுல ஃபோர்மேன் கொரியாக்காரன். நாள் முழுக்க பல்லி பல்லின்னு கத்துவான். நாங்க நாலு பேரு தமிழாளு, பல்லி எங்கடான்னு கூரையத் தேடினோம். சீக்கிரம் சீக்கிரம்னு அர்த்தமாம்! உங்காளுங்க தூங்கவே மாட்டாங்களேம்மா. எப்பவும் அவசரம்.”

எங்க அப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் தூங்குவாருங்க என்று சொல்ல வந்தது. சொன்னால் அது ஒரு குலுக்கல். “ஆமாங்க” என்றாள்.

“பேரு?”

“போரா.”

“எங்க?”

“எங்கயும் போகல மாமா. பேரே அதுதான்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மகள் ஹுமைரா கொரியா சீரியல் பார்த்துவிட்டுச் சோற்றைக் குச்சியால் சாப்பிடுவதைச் சொன்னார். நம்ம பக்கத்து ராணி ஒருத்தி கப்பலேறிப் போய் அங்கே ராஜாவைக் கட்டிக்கொண்டாளாமே என்று கேட்டார். “அப்படித்தான் சொல்லிக்கிறாங்க” என்றாள். “பாய் நாத்து பாய் நாத்துன்னு ஊரே பேசுது. எந்த பாய் நாத்துன்னு கேட்டா ஐயாவு நாத்துங்கிறான்!” என்று ஐயாவுவையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றாக மேலே வந்து, ஒவ்வொன்றாக உட்கார்ந்தது. தூரத்தில் டிராக்டர் சத்தம். ரெங்கம்மாள் ‘சொல்லும்மா’ என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். போரா அசையவில்லை.

அப்போது அது நடந்தது. பக்கீர் முகம்மதுவின் கண் அவள் முகத்தை விட்டு நகர்ந்தது. வயலுக்குப் போய், மிதக்கிற நாற்றில் நின்றது.

“ஆமா, இது என்ன இப்படி மெதக்குது?”

இப்போது சொன்னாள். “சேறு அடங்கல மாமா. நாளைக் காலையில வரைக்கும் கலங்காம இருந்தா நட்டுடலாம். நீங்க இன்னிக்குச் சேறடிச்சா கலங்கல் இதுல எறங்கிடும். நாளைக்கு மத்தியானத்துக்கு மேல அடிக்க முடியுமா?”

“அது எப்படிம்மா? டிராக்டர் வந்துட்டு இருக்கு. திருப்பி அனுப்பினா அவன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான்.”

போராவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர் மறுக்கிறார்! கேட்காத ஒன்றை யாரும் மறுக்க முடியாது. முதல் சந்திப்பிலேயே ஒரு மனிதர் அவள் தமிழோடு சண்டை போடுகிறார்.

“திருப்பி அனுப்ப வேணாங்க. உங்களுக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் வயல் இருக்குல்ல? அதை இன்னிக்கு அடிச்சுடலாம். அந்தத் தண்ணி இங்க வராது.”

அவர் தாடியைத் தடவினார். “அதை இன்னிக்கு, இதை நாளைக்கு மத்தியானத்துக்கு மேல. அதானே? சரி, ஐயாவுக்காக.” திரும்பி டிராக்டருக்குக் கை காட்டினார். போகும்போது நின்று கேட்டார். “பல்லி பல்லிக்கு எதிர்ப்பதம் ஒண்ணு இருக்குமே உங்க பாஷைல? அத அந்த ஃபோர்மேன் சொல்லவே இல்ல.”

“சொன்சொன்ஹி. மெதுவான்னு அர்த்தம்.”

“சொஞ்சொனி” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, பைக்கை உதைத்துப் பறந்தார்.

மறுநாள் காலையில் வயலுக்கு மேல் விரல் நகம் அளவுக்குத் தண்ணீர், அடியில் மண் தெரிகிற தெளிவு. ரெங்கம்மாளே குச்சியால் ஒரு கோடு இழுத்தாள். கோடு நின்றது. ஓரம் மெதுவாக வழிந்தது, ஆனால் மூடவில்லை. ஐயாவு அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ராம்கியைப் பார்த்துத் தலையாட்டினார். இந்தத் தலையாட்டல் வணக்கத்துக்கு இல்லை.

மெஷின் இறங்கியது. நகம் கிள்ளியது, குத்தியது, விட்டது. விட்ட இடத்தில் நாற்று நின்றது. அடுத்த குத்து நின்றது. ராம்கி கோடியில் திரும்பியபோது அவனுக்குப் பின்னால் நூல் பிடித்த மாதிரிப் பச்சை வரிசைகள், ஒவ்வொன்றும் தன் நிழலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு. வரப்பில் நேற்றுச் சிரித்தவர்கள் குனிந்து வரிசையை எட்டிப் பார்த்தார்கள். மூன்று விரல் வேலையை ஒரு இரும்பு இவ்வளவு பதமாகச் செய்வதையும், ஒரு ராத்திரி சும்மா கிடந்த மண் அதை இவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்வதையும் போரா முதல் தடவை பார்க்கிறவள் போலப் பார்த்தாள். கையால் நட்ட தன் அம்மாவின் அம்மாக்களும், சோறு மட்டுமே பார்த்த அப்பாவும் அந்த ஒரு குத்தில் ஒன்றாக நிற்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது. சட்டென்று வந்த அந்த நினைப்பை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து ஊர்க்காரி நீலாம்பாள் வரப்போடு வந்தாள். தனக்கும் மெஷின் வேண்டும் என்று விசாரிக்க வந்தவள், போராவைக் கண்டதும் அப்படியே நின்று முகத்தைப் பார்த்தாள்.

“வாய்க்கால்ல தண்ணி நல்லா வருதுங்களாக்கா?” என்றாள் போரா. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மணிப்பூர் வந்தது. சீரியல் வந்தது. பேரைச் சொன்னதும் “எங்க?” வந்தது. பிறகு நீலாம்பாள் வயல் பக்கம் திரும்பினாள். போரா சேற்றைப் பற்றிச் சொன்னாள். நீலாம்பாள் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னாள்.

வழி இதுதான். புது ஆளிடம் முக்கியமானதை முதலில் சொல்லக் கூடாது. தொலைந்தாலும் பரவாயில்லாத ஒன்றை, வெயிலையோ தண்ணீரையோ, முதலில் சொல்லிவிட்டு, அவர் கேட்பதையெல்லாம் கேட்டு முடிக்கும்வரை நிற்க வேண்டும். கண் முகத்தை விட்டு நகர்ந்ததும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். வயலுக்கும் அதேதான்: சேறடித்து ஒரு நாள் விட்டு, குச்சியால் கோடு இழுத்து, கோடு மூடாமல் நின்றால் நட வேண்டும்.